அம்ப் எரிந்த பிறகு கேட்ட பாட்டு

நாடகத்தில் மாதவி கட்டியிருந்த நீலச் சீலை எங்கள் கடையில் வாங்கியது. முதல் வரிசையில் இருந்ததால் கண்டவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது. கரையில் மாங்காய்ப் புட்டா, ஒரு பக்கம் மட்டும் நெசவு கொஞ்சம் இழுபட்டிருக்கும். அந்தக் குறைக்காகவே நூற்றுக்குப் பத்துக் கழித்துக் கொடுத்தேன். இழுபட்ட பக்கத்தை உள்ளே மடித்துக் கட்டியிருந்தார்கள். கெட்டிக்காரர்கள்.

நான் விமர்சகன் இல்லை. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு புடவைக் கடையில் இருபத்திரண்டு வருசமாகத் துணி வெட்டுகிறவன். ஒரு மாதத்துக்கு முன் ஒரு ரீச்சர் நீண்ட பட்டியலோடு வந்து, "அண்ணை, இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின மாதிரிச் சீலை இருக்கோ?" என்று கேட்டார். கடையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விசாரித்தால், சனி ஞாயிறில் ஒத்திகை பார்க்கும் ஒரு நாடகக் குழுவாம். சிலப்பதிகாரத்தைப் பாட்டு நாடகமாகப் போடுகிறார்களாம். வங்கியில் வேலை செய்கிறவர், ரியூசன் மாஸ்டர், மருந்துக் கடைக்காரர், கம்பசில் படிக்கிற பிள்ளைகள் என்று எல்லாருக்கும் பகலில் வேறு பிழைப்பு. நாடகத்தில் ஒரு சதம் சம்பளம் இல்லை. ஓட்டோக் காசும் கைக்காசுதான்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். புகாரில் பட்டு, மயிர், பருத்தி நூல் மூன்றிலும் நுணுக்கமாக நெய்கிற காருகருக்கு ஒரு தனி இருப்பிடமே இருந்ததாக இளங்கோவடிகள் எழுதியிருக்கிறார், ஆகவே பொலியெஸ்டரைத் தொடாதீர்கள் என்றேன். பொலியெஸ்டர் நூலுக்குக் காப்புரிமை எடுத்ததே 1941இல்தான். ரீச்சர் சிரித்துக்கொண்டு பட்ஜெட்டைச் சொன்னார். பிறகு நானும் சிரித்தேன். கடைசியில் கண்ணகிக்கும் மாதவிக்கும் பருத்தி, பாண்டியன் அவைக்கு முழுக்கப் பளபளவென்று சற்றின் என்று முடிவாகியது. போகும்போது இரண்டு ரிக்கற்றும் என் தலையில் கட்டிவிட்டார். ஒன்று ஆயிரத்து ஐந்நூறு.

மற்ற ரிக்கற்றுக்கு எங்கள் கடைக் காசாளர் அக்கா வந்தார். அவர் சிங்களம், ஊர் நவகமுவைப் பக்கம். தமிழ் நன்றாகக் கதைப்பார். நூறு இல்லாவிட்டால் நூற்றியோராம் இலக்க பஸ்சில் ஏறினால் பம்பலப்பிட்டியில் மண்டபத்துக்குக் கிட்ட இறங்கலாம். மண்டபத்தின் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் அதைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆறு மணி என்று போட்டிருந்தார்கள். திரை விலகும்போது ஆறு நாற்பது. நம்முடைய ஆட்களுக்கு இது பிந்தியதில் சேராது.

முதல் வரிசை என்று பெருமையாகப் போய் இருந்தது பிழை. அந்த மேடை நாலடிக்குக் குறையாது. இரண்டே முக்கால் மணி நேரம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். ஆடுகிறவர்களின் கால் எனக்குத் தெரியவே இல்லை. சிலம்பைப் பற்றிய நாடகத்தில் காலைப் பார்க்க முடியாவிட்டால் என்ன செய்கிறது? அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய மேடைக்கு இளங்கோ அளவு கொடுத்திருக்கிறார்: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் என்பது இருபத்து நாலு பெருவிரல். விரலுக்கு ஓர் அங்குலம் என்று பிடித்தால் மேடையின் உயரம் இரண்டடி. நாள் முழுக்க மீற்றர் கோலோடு நிற்கிற எனக்கு இந்தக் கணக்கில் ஒரு தனி ருசி. இரண்டடி மேடை என்றால் நிலத்தில் இருக்கிறவனுக்கும் பாதம் தெரியும், சிலம்பு தெரியும். தூணின் நிழல் ஆடுகிற இடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்றும் அதே இடத்தில் சொல்லியிருக்கிறது. எங்கள் மண்டபத்தில் வலப்பக்கத் தூண் போட்ட நிழலில் பாவம் கவுந்தியடிகள் பாதி நாடகத்தையும் நின்று முடித்தார்.

இன்னொன்று, வாயில். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரண்டு வாயில் வைத்த மேடை அது. இங்கே ஒரு பக்கத்துக் கதவை ஏதோ சாமான் அடுக்கி மூடி வைத்திருந்தார்கள். ஆகவே எல்லாப் போக்குவரவும் ஒரே வழியால். சிலம்பை விற்கப் போகிற கோவலன் கண்ணகியிடம் விடைபெற்று மனமுருகிப் பாடிக்கொண்டே வெளியேறுகிறார். எதிரே அடுத்த காட்சிக்காகப் பொற்கொல்லன் சரசரவென்று வருகிறார். இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். பொற்கொல்லனாக வந்த ரியூசன் மாஸ்டர் மூளைசாலி. கோவலனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மடியில் இருந்த சிலம்பில் கண்ணை வைத்து, "ஐயா ஊருக்குப் புதுசோ?" என்றார். மண்டபம் அதிர்ந்தது. அதை எழுதி வைத்த வசனம் என்று நம்பியவர்கள் பலர். அன்று நடித்தவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் அவர்தான். வில்லன் என்று உறுமாமல், கணக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே அமைதியான குரலில் ஒரு மனிதனைக் கொலைக்கு அனுப்பினார்.

கோவலனைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. கலியாணத்தின்போது கோவலனுக்குப் பதினாறு வயது என்று காப்பியம் சொல்கிறது. எங்கள் கோவலனுக்கு நாற்பத்தைந்து இருக்கும், சற்றின் அங்கவஸ்திரத்தால் வயிற்றை மூடவே ஒரு கை தேவைப்பட்டது. குரல் நல்ல குரல். அது போதும்.

முதல் பாதி நீளம். கலியாணம், அரங்கேற்றம், இந்திர விழா என்று ஒன்றையும் விடாமல் பாடித் தள்ளினார்கள். விடிய விடிய ஆடிய கூத்தைப் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் சுருக்கி நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தது 1960களில். 'கர்ணன் போர்' 1962, 'இராவணேசன்' 1964. அறுபது வருசத்துக்கு முன்னேயே வெட்டக் கற்றுக்கொண்ட நாடு இது. இந்திர விழாவில் கால் மணி நேரம் வெட்டினால் ஒருவருக்கும் குறை தெரியாது. துணி வெட்டுகிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

ஆனால் அந்த முதல் பாதியிலேயே ஒரு மாணிக்கமும் இருந்தது. மாதவியின் மாலையைக் கூனி தெருவில் கொண்டுபோய், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து வாங்குகிறவனுக்கே மாதவி என்று விலை கூறுகிற இடம். கூனியாக வந்தது பாடசாலைப் பிள்ளை, பதின்மூன்று பதினாலு வயது இருக்கும். அவள் மேடையை விட்டு இறங்கி, எங்களுக்கிடையே வந்து, புறக்கோட்டை நடைபாதையில் கூவுவார்களே, அதே மெட்டில், அதே அவசரத்தில், "ஆயிரத்தெட்டு! ஆயிரத்தெட்டு! வாங்க, பாருங்க, ஆயிரத்தெட்டு!" என்று பாடத் தொடங்கினாள். தாளம் அவள் கைத்தட்டுத்தான். இரண்டாவது சுற்றில் பின்வரிசைப் பொடியன்களும் சேர்ந்து தட்டினார்கள். சிரித்துக்கொண்டிருந்த காசாளர் அக்கா திடீரென்று என் பக்கம் திரும்பி, "ஒரு பொம்பிளைப் பிள்ளைய இப்பிடியா வித்தாங்க?" என்று கேட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ தரம் கேட்ட கதை. இந்த இடத்தை நான் அப்படி யோசித்ததே இல்லை.

இனி என் முறைப்பாட்டுக்கு வருகிறேன். பாட்டு முழுக்க ட்ராக். ஸ்ரூடியோவில் யாரோ கீபோர்ட்டில் செய்து கொடுத்த பின்னணி. வயலின் மாதிரி ஒரு சத்தம், புல்லாங்குழல் மாதிரி ஒரு சத்தம், படத்தில் சண்டைக்கு வருகிற மாதிரி ஒரு பெரிய முரசு. காதில் மாட்டிய குட்டி மைக்கில் இவர்கள் அதன் பின்னால் ஓடுகிறார்கள். மேடையின் இடது மூலையில் ஓர் ஐயா ஆர்மோனியத்தோடும் ஒரு பொடியன் மிருதங்கத்தோடும் இருந்தார்கள். முதல் பாதி முழுக்க அவர்கள் வாசித்ததாக எனக்குக் காதில் விழவில்லை. ஆர்மோனியமும் புகாரில் இருந்த வாத்தியம் இல்லைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசில் பிறந்தது. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. குறை என்னவென்றால் ட்ராக்குக்குக் காது இல்லை. கூனிக்குக் கிடைத்த கைத்தட்டல் அடங்க முன்னே அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது, முதல் இரண்டு வரியும் சத்தத்துக்குள் போனது. கண்ணகிக்கு ஆறு கட்டைச் சுருதியில் ட்ராக் செய்து வைத்திருந்தார்கள். மேல் சட்சமத்தைத் தொடும்போது அந்தப் பிள்ளையின் கழுத்து நரம்பு எனக்குத் தெரிந்தது. ஒரு கட்டை இறக்கு என்று ட்ராக்கிடம் யார் சொல்வது?

மாதவியின் அரங்கேற்றத்தில் வாத்தியங்கள் எப்படி நின்றன என்று இளங்கோ வரிசை சொல்கிறார். குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, தண்ணுமையின் பின்னே முழவு. ஒன்று மற்றதைக் கேட்டு, அதன் பின்னால் போகிறது. அந்தக் காதையில் உள்ள இசைக் கணக்கை எடுத்து, அழிந்துபோன யாழ் எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதியவர் எங்கள் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அந்த நூல் அரங்கேறியது 1947இல், அதே வருசம் அவரும் காலமானார். இங்கேயும் மாதவியின் கையில் ஒரு யாழ் இருந்தது. ஒட்டுப் பலகையில் வெட்டி, தூண்டில் நரம்பு கட்டியது. எண்ணிப் பார்த்தேன், ஏழு. ஏழு நரம்பு என்றால் செங்கோட்டி யாழ், சரி. செய்த பொடியனுக்கு விசயம் தெரிந்திருக்கிறது. ஆனால் அவள் விரல் யாழில் வலப்பக்கம் போக, ஸ்பீக்கரில் கீபோர்ட் இடப்பக்கம் போனது.

இடைவேளையில் மீன் றோல்ஸ், உழுந்து வடை, பிளேன்டீ. வடை சூடு. றோல்ஸ் காலையில் பொரித்தது. இருபது நிமிடம் என்றார்கள், அரை மணியானது.

இரண்டாம் பாதியில், கோவலன் வெட்டுண்ட செய்தி வந்து கண்ணகி ஒற்றைச் சிலம்போடு எழுந்து நிற்கிற நேரம், இடப்பக்க ஸ்பீக்கர் உறுமத் தொடங்கியது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். ரப்பர் எரிகிற மணம். ஒலியைப் பெருக்குகிற அம்ப் போய்விட்டது. ட்ராக் நின்றது, மைக்கும் நின்றது. லைட் மட்டும் இருந்தது. ஒரு அரை நிமிடம் ஒருவரும் அசையவில்லை. மேடையோரத் திரைக்குப் பின்னாலிருந்து டைரக்டர் தம்பியின் கை மட்டும் வெளியே நீண்டு ஏதோ காட்டியது. அதன் பொருள் ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்னால் ஒருவர் விசிலடித்தார்.

மூலையில் இருந்த ஐயா துருத்தியை மெதுவாக இழுத்தார். ஒரே ஒரு சுருதி. கண்ணகி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டி, விரலைக் கொஞ்சம் கீழே நகர்த்தி மறுபடி பிடித்தார். ஐந்து கட்டை. அப்புறம்தான் அவள் பாடத் தொடங்கினாள். முகாரியில் ஒரு விருத்தம். தாளம் இல்லை. அவள் ஒரு சொல்லில் நின்றால் அவரும் அங்கே நிற்கிறார். அவள் மூச்சு எடுக்கிற இடத்தில் அவர் அந்தச் சொல்லையே ஒரு தரம் திருப்பி வாசித்துக் கொடுக்கிறார். வாசிக்கும்போது கட்டைகளைப் பார்க்கவே இல்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் இருந்ததற்கு அந்த ஒரு பலன் கிடைத்தது. அது வரைக்கும் எனக்குப் பக்கத்தில் கச்சான் பையைச் சரசரத்துக்கொண்டிருந்தவர் பையை மடியில் வைத்துவிட்டார். மேலே ஓடுகிற மின்விசிறியின் சத்தம் கேட்டது. விருத்தம் முடிகிற இடத்தில், காத்திருந்தவன் மாதிரி, அந்தப் பொடியன் மிருதங்கத்தில் கை வைத்தான். பின்னால் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் பிற்பாட்டை எடுத்தார்கள். பகலில் மருந்து கட்டுகிறவர்கள், வவுச்சர் எழுதுகிறவர்கள். ட்ராக்கில் ஒளிந்திருந்த அந்தக் குரல்கள் அப்போதுதான் வெளியே வந்தன. கொஞ்சம் சுருதி விலகிய குரலும் இருந்தது, ஆனால் ஊரே சேர்ந்து கேள்வி கேட்கிற மாதிரி இருந்தது.

எனக்கு ஏழெட்டு வயதில் ஊர்க் கோயிலில் இசை நாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' பார்த்த ஞாபகம் வந்தது. அப்பாவின் மடியில் நித்திரைத் தூக்கத்தில் பார்த்தது, முழுக்க நினைவில்லை. அரிச்சந்திரன் பாடி நிறுத்துகிற இடத்தில் ஆர்மோனியம் தனியாக அழுதது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. அந்த அழுகையைக் கொழும்பில் ஓர் அம்ப் எரிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

பாண்டியன் அவைக்காட்சி முழுக்க அப்படியே போனது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அதை உடைத்துக் காட்டுகிற இடத்தில் உள்ளிருந்து தெறித்த சிவப்பு மணிகள் இரண்டு மேடை விளிம்பைத் தாண்டி என் காலடியில் விழுந்தன. பிளாஸ்ரிக் மணிதான், கைப்பை தைக்கிறவர்கள் வாங்குவது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் இருக்கிறது. பாண்டியன் தானே கள்வன் என்று சொல்லி விழுகிறபோது பாட்டே இல்லை. ஐயா சுருதியையும் நிறுத்திவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். இதற்கிடையில் டைரக்டர் தம்பி எங்கோ ஓடி இன்னொரு அம்ப் கொண்டுவந்துவிட்டார். மதுரை எரிகிற காட்சிக்கு முரசு திரும்ப வந்தது, புகை மெசினும் வந்தது, சிவப்பு லைட் வந்தது. முன்வரிசை முழுக்க இருமியது. கண்ணகி என்ன பாடினாள் என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் சேரன் செங்குட்டுவன் கோயில் எடுக்கிற இடத்தில் இலங்கைக் கயவாகு வந்தான். காப்பியத்தில் உள்ளதுதான், கடல் சூழ் இலங்கையிலிருந்து அவன் வந்து வழிபட்டதாக இளங்கோவே சொல்கிறார். அவனுக்கு இரண்டு வரி சிங்களத்தில் பாட வைத்திருந்தார்கள். காசாளர் அக்கா நிமிர்ந்து இருந்தார். நவகமுவையில் பத்தினி தேவாலயத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், கண்ணகியை அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வெளியே வரும்போது அவருக்கு ஒரு குறைதான். "மாங்காய் எங்க? பத்தினி தெய்யோ மாங்காயில இருந்துதானே பிறந்தாங்க? அதக் காட்டவே இல்லையே." சிங்களப் பத்தினிக் கதையில் அப்படித்தான். அது இளங்கோவில் இல்லை அக்கா என்றேன். "அப்ப அவர் முழுசா எழுதல்ல" என்றார். மாதவியின் சீலைக் கரையில் மாங்காய் இருந்ததே என்று சொல்லிச் சமாளித்தேன்.

போகும் முன் மேடைக்குப் பின்னால் போய் ஐயாவைப் பார்த்தேன். ஆர்மோனியத்தை ஒரு பழைய சாரத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, கடைசிக் காட்சிக்கும் நீங்களே வாசிச்சிருக்கலாமே?" என்றேன். "என்ன தம்பி செய்யிறது, டைரக்டர் பிள்ளை ட்ராக்குக்குக் காசு குடுத்திட்டுது" என்றார். கோபம் ஒன்றும் இல்லை. ஓட்டோ வந்துவிட்டதா என்று பேரனைக் கேட்டார். மிருதங்கம் வாசித்த பொடியன்தான் பேரன்.

அடுத்த மாதமும் ஒரு காட்சி உண்டாம், அதே மண்டபம், அதே விலை. போங்கள் என்றுதான் சொல்வேன். நாலாவது வரிசைக்குப் பின்னால், இடது பக்கமாக இருங்கள். தூண் மறைக்காது, ஐயாவின் கையும் தெரியும். றோல்சைத் தவிர்த்து வடையை வாங்குங்கள்.

போன செவ்வாய் ரீச்சர் கடைக்கு வந்தார். புகையில் கண்ணகியின் சீலை ஒரு பக்கம் கறுத்துவிட்டதாம், அதே பருத்தியில் இன்னும் வேண்டுமாம். அளந்துகொண்டே, அந்த விருத்தம் மறக்கவில்லை ரீச்சர், அடுத்த முறையும் இருக்குமோ என்று கேட்டேன்.

"ஐயோ அண்ணை, அண்டைக்கு எங்களுக்கு உயிரே போச்சு. இந்த முறை புது அம்ப் எடுத்தாச்சு, ஒரு பிரச்சினையும் வராது" என்றார், நல்ல சந்தோசமாக.

ஆறு மீற்றர் வெட்டிக் கொடுத்தேன்.